பட்டம் ஊரில் வாங்கியது, ரெஃபரன்ஸ் இங்கே வாங்க வேண்டியது

(பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு இலண்டன் வந்து தஞ்சம் கோரியிருப்பவர்களுக்காக எமது நிலையத்தில் நடந்த தகவல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. வரமுடியாமல் போனவர்கள் பலர் கேட்டதற்கிணங்க, பேசிய நடையிலேயே தருகிறோம்.)



வாசலில் பெயர் பதியும்போது ஒவ்வொருவரிடமும் "என்ன படிச்சனீங்கள்?" என்று கேட்டேன். ஒருவர் பேராதனையில் பொறியியல். இரண்டு பேர் யாழ்ப்பாணத்தில் முகாமைத்துவம். ஒரு தங்கச்சி மட்டக்களப்பில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம். சொல்லும்போது எல்லோருடைய முகமும் நிமிர்ந்திருந்தது. பிறகு "இப்ப என்ன செய்யிறியள்?" என்று கேட்டேன். எல்லோரும் நிலத்தைப் பார்த்தீர்கள்.

அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

முதலில் சட்டம். அதைத் தெரியாமல் மற்றதைக் கேட்டால் ஆபத்து. தஞ்சம் கோரிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர் அனுமதி இல்லாமல் இந்த நாட்டில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. ஒரு காலத்தில் ஆறு மாதம் காத்திருந்தால் அனுமதி கேட்கலாம் என்று இருந்தது. அதை அரசாங்கம் 2002 யூலையில் நிறுத்திவிட்டது. 2005 இலிருந்து 12 மாதம் என்ற விதி இருக்கிறது. விண்ணப்பித்து 12 மாதம் கடந்தும் முடிவு வரவில்லை, தாமதத்துக்கு நீங்களும் காரணம் இல்லை என்றால், ஹோம் ஒபிஸிடம் வேலை அனுமதி கேட்டு எழுதலாம். கேட்டால்தான் வரும், தானாக வராது. வந்தாலும் விரும்பிய வேலை எல்லாம் செய்ய ஏலாது. அரசாங்கம் குறித்த தொழில்கள் மட்டும்தான், அதிலும் சுயதொழில் கூடாது. அந்தப் பட்டியலை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் பழைய பட்டியலை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டு வந்தார்கள். ஆகவே உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர் போன வருசம் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். விண்ணப்பிக்கிற கிழமையில் எங்களிடமோ உங்கள் சொலிசிற்றரிடமோ கேளுங்கள். உங்களுக்குத் தந்திருக்கிற ஏ.ஆர்.சி. காட்டில் வேலை செய்யலாமா இல்லையா என்று எழுதியிருக்கும். இன்றைக்கு வீட்டுக்குப் போய் அதை வடிவாக வாசித்துப் பாருங்கள்.

இப்போது எல்லோருக்கும் தெரிந்த, ஒருவரும் சத்தமாகச் சொல்லாத விசயம். "தெரிஞ்ச ஆளின்ர கடை அண்ணை, கையில காசு, ஒருத்தரும் கேக்க மாட்டினம்." கேட்பார்கள். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் வேலை செய்வதே குற்றம். சிறைத் தண்டனை கிடைக்கலாம், உழைத்த காசையும் பறிக்கலாம். வேலை கொடுத்தவருக்கு 2024 பெப்ரவரியிலிருந்து முதல் தடவைக்கே ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம். அவ்வளவு காசு கட்ட வேண்டி வரும்போது, அந்தத் தெரிந்த ஆள் உங்களைத் தெரியாது என்றுதான் சொல்லுவார். ஒரு நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு முப்பது பவுணோடு வந்தவர்களை எனக்குத் தெரியும். அதையும் தராமல் விட்டபோது அவர்களுக்குப் போய் முறையிட ஓர் இடம் இருக்கவில்லை. பசி எனக்கு விளங்காமல் இல்லை. கிழமைக் காசு எவ்வளவு என்பதும், அதற்குள் ஊருக்கு அனுப்பச் சொல்லி வருகிற ரெலிபோன்களும் எனக்குத் தெரியும். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் நான் இங்கே நின்று கதைக்கிறதில் பிரயோசனம் இல்லை.

"அப்ப சும்மா இருக்கிறதோ?" என்று கேட்பீர்கள். இல்லை. வொலண்டியராக வேலை செய்யலாம். பதிவு செய்யப்பட்ட தொண்டு நிறுவனத்திலோ, நூலகம், ஆஸ்பத்திரி போன்ற பொது நிறுவனத்திலோ, சம்பளம் இல்லாமல், தஞ்சம் கேட்ட நாளிலிருந்தே செய்யலாம். போக்குவரத்துச் செலவும் மத்தியானச் சாப்பாட்டுச் செலவும் தருவார்கள். அதற்கு மேல் காசோ பரிசோ வாங்கக் கூடாது. ஒரு கடை முதலாளி "ரெண்டு மாசம் வொலண்டியரா நில்லும், பிறகு பாப்பம்" என்றால் அது வொலண்டியர் இல்லை. அது சம்பளம் தராத வேலை. அதற்கும் உங்களுக்கு அனுமதி கிடையாது.

சும்மா போய் நின்று என்ன பலன்? இந்த இடத்தில்தான் ரெஃபரன்ஸ் என்ற சொல் வருகிறது. நீங்கள் நாளைக்கு அனுமதி கிடைத்து ஒரு வேலைக்கு விண்ணப்பித்தால், படிவத்தின் கடைசியில் இரண்டு பேருடைய பெயர் கேட்பார்கள். உங்களோடு வேலை செய்தவர்கள், அதுவும் அவர்கள் ரெலிபோன் எடுத்தோ ஈமெயில் போட்டோ விசாரிக்கக் கூடியவர்கள். ஊரில் உங்களுக்குப் படிப்பித்த பேராசிரியர் பெரிய ஆளாக இருக்கலாம். ஆனால் குறொய்டனில் இருக்கிற ஒரு மனேஜருக்கு அவரைத் தெரியாது. அந்த மனேஜர் கேட்கப் போவதும் உங்கள் மூளையைப் பற்றி அல்ல. நேரத்துக்கு வருவாரா? மற்ற ஆக்களோடு ஒத்துப் போவாரா? பிழை விட்டால் சொல்லுவாரா? இதற்கு உங்கள் பட்டத்தில் விடை இல்லை. இங்கே உங்களோடு ஆறு மாதம் நின்று வேலை செய்த ஒருவரிடம்தான் இருக்கிறது. பட்டத்தை நீங்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வரலாம். ரெஃபரன்ஸை இங்கே வந்துதான் உண்டாக்க வேண்டும். அதை உண்டாக்க ஹோம் ஒபிஸின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

எங்கே போவது என்பதில் கொஞ்சம் யோசியுங்கள். விவசாயம் படித்த தங்கச்சிக்குச் சொன்னேன், இலண்டனுக்குள்ளேயே சிற்றி ஃபாம் என்று பண்ணைகள் இருக்கின்றன. ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸில் ஒன்று, கனறி வோர்ஃப் கட்டடங்களுக்குப் பக்கத்தில் மட்சூட்டில் ஒன்று, கென்ரிஷ் ரவுணில் ஒன்று. ஆடு மாடு கோழி எல்லாம் நிற்கும், வொலண்டியர்களை எடுப்பார்கள். பொறியியல் தம்பிக்கு, அகதிகளுக்காகப் பழைய சைக்கிள்களைத் திருத்திக் கொடுக்கிற 'பைக் புரொஜெக்ற்' போன்ற இடங்கள். முகாமைத்துவக்காரருக்கு ஒக்ஸ்பாம் மாதிரித் தொண்டுக் கடைகள். கல்லாவில் நிற்கிறது, பொருள் கணக்கெடுக்கிறது எல்லாம் பழகலாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறது நல்ல தொண்டுதான், செய்யுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. அங்கே உங்கள் இங்கிலீஷ் ஓர் அடி நகராது.

இனி ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பலவாணர் சிவானந்தன். 1923 இல் கொழும்பில் பிறந்தவர், குடும்பம் சண்டிலிப்பாய். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பட்டம். மலைநாட்டில் ஆசிரியர், பிறகு வங்கியில் முகாமையாளர். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டு இலண்டன் வந்தார். வந்த அதே வருசம் இங்கே நொட்டிங் ஹில்லில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பு மக்களை அடித்த கலவரம் நடந்தது. வங்கியில் மனேஜராக இருந்த மனிதருக்கு மிடில்செக்ஸ் பக்கத்தில் ஒரு பொது நூலகத்தில் என்ன வேலை கிடைத்தது தெரியுமா? தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிற வேலை.

அந்த நூலகத்திலிருந்தே அவர் நூலகர் தொழிலைப் படித்தார். 1964 இல் இன உறவுகளுக்கான நிறுவனம் ஒன்றின் தலைமை நூலகர் ஆனார். அந்த நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கும் அங்கே வேலை செய்தவர்களுக்கும் பெரிய இழுபறி வந்தது. 1972 இல் ஊழியர்களும் அங்கத்தவர்களும் ஒன்றாக நின்றதால் நிர்வாகக் குழு விலகிப் போனது. அடுத்த வருசம் சிவானந்தன் இயக்குநர் ஆனார். 2013 வரை, நாற்பது வருசம், அந்தப் பொறுப்பில் இருந்தார். 1997 இல் இலங்கையைப் பற்றி இங்கிலீஷில் ஒரு நாவல் எழுதிப் பரிசும் பெற்றார். 2018 சனவரியில் காலமானார்.

உங்களுக்கு ஆசை காட்ட இதைச் சொல்லவில்லை. அவர் வந்த காலத்தில் பொதுநலவாய நாட்டவர்கள் தடையில்லாமல் வந்து வேலை செய்யலாம், 1962 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை. உங்களுக்கு அது இல்லை. நான் பார்க்கிறது வேறு ஒன்றை. 1972 இல் ஒரு நூலகர் தனியாக நின்று அந்த இழுபறியில் வென்றிருக்க முடியாது. கூட இருந்தவர்கள் அவரை நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொருளியல் பட்டத்தால் வந்திருக்காது. பக்கத்தில் இருந்து வேலை செய்ததால் வந்தது.

அந்தப் பக்கத்தில் இருந்து வேலை செய்கிறதுதான் எங்கள் ஆக்களுக்குக் கஷ்டம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுகிறேன்.

நான் வந்த புதிதில், அனுமதி கிடைத்துச் சேர்ந்த முதல் வேலை ஒரு பெரிய பண்டகசாலையில். மேற்பார்வையாளர் ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை. ஒரு நாள் பின்னேரம் வந்து கடகடவென்று ஏதோ சொன்னா. பாதி விளங்கவில்லை. நான் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? எங்களுக்கு 'ஓம்' என்றால் 'நீங்கள் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன்' என்று அர்த்தம். மரியாதை. இங்கே 'யெஸ்' என்றால் 'விளங்கிவிட்டது, செய்வேன்' என்று அர்த்தம். அது ஒரு வாக்கு. அடுத்த நாள் காலையில் பார்த்தால், குளிர் அறைக்குப் போக வேண்டிய பொருட்கள் இரவு முழுக்க வெளியில் கிடந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைக்குத்தான் மேலிடத்தில் பேச்சு விழுந்தது. எனக்கு ஏசவில்லை. "உங்களுக்கு விளங்கவில்லை என்று ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டா. நான் உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் என்னவென்றால், பட்டதாரியான நான் ஏ லெவல் முடித்த ஒரு பிள்ளையிடம் 'விளங்கவில்லை' என்று சொல்ல வெட்கப்பட்டேன்.

இதை வைத்துச் சில விசயங்கள் சொல்லலாம். விளங்காவிட்டால் உடனே கேளுங்கள். "சொறி, குட் யூ சே தற் எகெய்ன்?" என்ற வசனத்தைப் பாடமாக்கி வையுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். சின்னக் கொப்பி ஒன்றைப் பையில் வைத்து எழுதுங்கள். கேட்கிறவனை இங்கே மொக்கன் என்று நினைக்க மாட்டார்கள். கேளாமல் பிழை விடுகிறவனைத்தான் அடுத்த தடவை நம்ப மாட்டார்கள். தலையை இரண்டு பக்கமும் ஆட்டுகிற பழக்கத்தையும் கவனியுங்கள். நாங்கள் 'சரி' என்று ஆட்டுகிறதை அவர்கள் 'இல்லை' என்று எடுப்பார்கள்.

பிறகு இவர்களுடைய இங்கிலீஷ். கட்டளையை வேண்டுகோள் மாதிரிச் சொல்லுவார்கள். "இதை நீங்கள் ஒருக்கால் பார்த்தால் நல்லது" என்று மனேஜர் சொன்னால், விரும்பினால் பார்க்கலாம் என்று அர்த்தம் இல்லை. இன்றைக்கே பார் என்று அர்த்தம். "நொட் பாட்" என்றால் பாராட்டு. "இன்ரறெஸ்ரிங்" என்று இழுத்துச் சொன்னால் பெரும்பாலும் பிடிக்கவில்லை. இதை எந்த வகுப்பிலும் படிப்பிக்க மாட்டார்கள். தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் மற்ற ஆக்களோடு இருந்து கேட்டுத்தான் பிடிபடும். எங்கள் பெடியள் அந்தப் பத்து நிமிசத்தில் தனிய ஒரு மூலையில் போய் ஊருக்குப் போன் கதைப்பார்கள். அல்லது இரண்டு தமிழர் சேர்ந்தால் மூன்றாவது ஆளின் தலைக்கு மேலால் தமிழில் கதைத்துச் சிரிப்பார்கள். அந்த மூன்றாவது ஆள் சோமாலியரோ, வங்காளியோ, போலந்துக்காரரோ, யாராக இருந்தாலும் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பார். நாங்கள் சிங்களவர் மத்தியில் இருந்து அப்படி நினைத்த ஆக்கள்தானே.

பெயர் விசயமும் ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அப்பாவின் பெயர் முன்னால் வரும். ஹோம் ஒபிஸ் கடதாசிகளில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று மாறிப் போய்விடும். வேலையிடத்தில் முதற்பெயரால்தான் கூப்பிடுவார்கள், மனேஜரையும் அப்படித்தான். 'சேர்', 'மடம்' எல்லாம் தேவையில்லை, சொன்னால் கூச்சப்படுவார்கள். இப்படிப் பத்து வருசமாக அப்பாவின் பெயரால் கூப்பிடுபட்டுக்கொண்டு இருக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். முதல் நாளில் திருத்தக் கூச்சம், பிறகு திருத்த வழியில்லை. முதல் நாளே "என்னை இப்படிக் கூப்பிடுங்கோ" என்று சொல்லிவிடுங்கள். ஆனால் விண்ணப்பப் படிவத்திலும் சி.வி.யிலும் எழுதுகிற பெயர் ஹோம் ஒபிஸ் கடதாசியில் உள்ளபடியே இருக்க வேண்டும். சி.வி.யில் படம், சமயம், கலியாண விபரம், அடையாள அட்டை இலக்கம் ஒன்றும் தேவையில்லை. இரண்டு பக்கம் காணும்.

ஒத்துப் போகிறது என்றால் எல்லாத்துக்கும் தலை குனிகிறது என்று எடுக்க வேண்டாம். 1976 இல் வில்ஸ்டன் பக்கத்தில் கிரன்விக் என்ற படச்சுருள் கழுவுகிற நிறுவனத்தில் வேலை செய்த ஜயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்மணி, நடத்துகிற விதம் பிழை என்று எழுந்து வெளியே வந்தா. கூட வேலை செய்த ஆசியப் பெண்கள் பலர் பின்னால் வந்தார்கள். இரண்டு வருசம் அந்தப் போராட்டம் நடந்தது. தோற்றுத்தான் போனார்கள், ஆனால் இந்த நாட்டுத் தொழிற்சங்கங்கள் எங்களைப் போன்ற ஆக்களைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான் என்று நான் நினைக்கிறேன். அனுமதியோடு வேலைக்குப் போனால் தொழிற்சங்கத்தில் சேருங்கள்.

உங்கள் படிப்புக்கு ஏற்ற தொழிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கதைக்க வேண்டிய விசயம் அது. மருத்துவர்கள் ஜீ.எம்.சி.யில் பதிய வேண்டும். பிளாப் சோதனை இரண்டு பகுதி, அதோடு இங்கிலீஷ் சோதனை. அகதிகளான மருத்துவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, கேளுங்கள். பொறியியலாளர்களுக்குப் பெரும்பாலான துறைகளில் உரிமம் தேவையில்லை. இது பலருக்குத் தெரியாது, தெரியாமல் பயந்து விலகி நிற்கிறார்கள். சீமா, ஏ.சி.சி.ஏ. கணக்கியல் பாடங்களைக் கொழும்பில் எழுதிச் சித்தியடைந்தவர்கள், அவை இந்த நாட்டு அமைப்புகளின் சோதனைகள்தான் என்பதை மறக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று கேட்டு எழுதுங்கள். சட்டம் படித்தவர்களுக்கு 2021 இலிருந்து எஸ்.கியூ.ஈ. என்ற வழி இருக்கிறது. அதற்கு இரண்டு வருச வேலை அனுபவம் வேண்டும். சட்ட உதவி நிலையங்களில் சம்பளம் இல்லாமல் செய்த சட்ட வேலையையும், ஒரு சொலிசிற்றர் உறுதிப்படுத்தினால், அதில் சேர்க்கலாம். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர்கள் காரா என்ற அமைப்பைத் தேடுங்கள். ஹிட்லருக்குத் தப்பி வந்த அறிஞர்களுக்காக 1933 இல் தொடங்கியது, இன்றும் இயங்குகிறது. அகதி அந்தஸ்து கிடைத்தவர்களை வேலைக்குத் தயார்படுத்துகிற பிறேக்கிங் பரியர்ஸ் என்ற நிறுவனமும் இலண்டனில் இருக்கிறது.

பட்டத்தை இங்கத்தைய பட்டத்தோடு ஒப்பிட்டுக் கடிதம் தருகிறது யூ.கே. எனிக். முன்பு நாரிக் என்று சொன்னது அதைத்தான், 2021 இல் பெயர் மாறியது. அதற்குக் காசு கட்ட வேண்டும். வேலையோ படிப்போ கேட்டால் மட்டும் எடுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, இது முக்கியம். பட்டச் சான்றிதழோ பெறுபேற்று அட்டையோ கையில் இல்லாதவர்கள், அவசரப்பட்டு இலங்கைத் தூதரகத்துக்குப் போகவோ எழுதவோ வேண்டாம். நீங்கள் அந்த அரசாங்கத்துக்குப் பயந்து வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே போய் நின்றால் உங்கள் வழக்கில் அதைக் கேள்வியாகக் கேட்கலாம். ஊரில் இருக்கிறவர்களை அனுப்பி எடுப்பிக்கிறதும் அவர்களுக்குக் கரைச்சலாகலாம். எதைச் செய்ய முதலும் சொலிசிற்றரிடம் கேளுங்கள். கையில் இருக்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வையுங்கள். எங்கள் ஒபிஸில் இருக்கிற மெசினில் இலவசமாக எடுத்துத் தருவோம்.

பின் மேசையில் வொலண்டியர் படிவங்கள் இருக்கின்றன. நிரப்புவதற்கு உதவி செய்ய இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள், அவர்களும் போன வருசம் உங்களைப் போல இந்தக் கதிரைகளில் இருந்தவர்கள்தான். பெயர் எழுதுகிற இடத்துக்குக் கீழே ஒரு கோடு கீறி விட்டிருக்கிறோம். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அதில் எழுதுங்கள். தேத்தண்ணி ஆறுகிறதுக்கு முதல் வாருங்கோ.